நூறு டாலரில் பாஸ் மீன் பிடிக்கலாம்: டெக்சஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டாலஸ் பக்கம் குடிவந்த நம்மவர்கள் மாலையில் நடக்கப் போனால் கட்டாயம் ஒரு குளத்தைத் தாண்டித்தான் வரவேண்டியிருக்கும். கரையில் யாராவது ஒருவர் தூண்டில் வீசிக்கொண்டிருப்பார். தக்கை இருக்காது, மண்புழு டப்பா இருக்காது. வீசுவார், கொஞ்ச நேரம் சும்மா நிற்பார், சுற்றி இழுப்பார், மறுபடி வீசுவார். அவர் தேடுவது அநேகமாக லார்ஜ்மவுத் பாஸ்.

நம் ஊர் ஹோட்டல்களில் சீ பாஸ் என்று போடுகிறார்களே, அது கொடுவா. இது வேறு. நன்னீர் மீன், சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. குணத்தில் விராலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். பாசி ஓரத்திலும் விழுந்த மரத்தடியிலும் பதுங்கி நிற்கும், எதிரே வருவதை ஒரே உறிஞ்சலில் வாய்க்குள் போட்டுக்கொள்ளும். ஊரில் வாய்க்காலில் விரால் பிடித்த கை என்றால் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்.

நான் ஆரம்பித்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அப்படி ஆரம்பிக்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை பெரிய கடை ஒன்றுக்குப் போய், விற்பனையாளர் காட்டியதையெல்லாம் கூடையில் போட்டேன். தடிக்கு மேலே உட்காரும் பெய்ட்காஸ்டர் ரீல், அதற்கேற்ற தடி, பளபளவென்று 20 செயற்கை இரைகள், அதை வைக்க ஒரு பை. பில் 400 டாலரைத் தாண்டியது. மறுநாள் முதல் வீச்சிலேயே ரீலுக்குள் தூண்டில் நரம்பு சிக்கி ஒரு குருவிக்கூடு ஆகிவிட்டது. அரை மணி நேரம் பிரித்துப் பார்த்துவிட்டு, கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த 20 இரைகளில் 16 இன்னும் தண்ணீரையே பார்க்கவில்லை.

முதலில் லைசென்ஸ்

17 வயது நிரம்பியவர்களுக்கு டெக்சஸில் மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் இங்கே வசித்திருந்தால் நீங்கள் ரெசிடென்ட். நன்னீர் லைசென்ஸ் 30 டாலர். புதிதாக வந்தவர் என்றால் நான்-ரெசிடென்ட் கணக்கில் 58. இந்த விலைகள் மாறலாம், வாங்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதி காலாவதியாகிவிடும். ஜூலையில் போய் முழு விலை கொடுத்து வாங்குவது வீண். அதற்குப் பதில் ஒருநாள் லைசென்ஸ் எடுங்கள்.

இன்னும் மலிவான வழியும் உண்டு. மாநிலப் பூங்காக்களுக்குள் கரையில் நின்று பிடிக்க லைசென்ஸே தேவையில்லை, நுழைவுக் கட்டணம் மட்டும்தான். ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை மாநிலம் முழுக்கவே இலவசம். சில பூங்காக்களில் தடி, ரீல், சின்ன இரைப்பெட்டி எல்லாவற்றையும் நூலகப் புத்தகம் மாதிரி இரவல் கொடுக்கிறார்கள். டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் இணையதளத்தில் டேக்கிள் லோனர் என்று தேடினால் இடங்களின் பட்டியல் கிடைக்கும். இந்தப் பழக்கம் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்.

தடியும் ரீலும்

பெய்ட்காஸ்டர் இப்போது வேண்டாம். ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள். தடிக்கு அடியில் தொங்குமே, அதுதான். அதில் குருவிக்கூடு விழுவது அபூர்வம், லேசான இரையையும் தூரமாக வீசும்.

தடியின் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். கடையில் அதை மட்டும் படித்தால் போதும். நீளம் 6 அடி 6 அங்குலத்திலிருந்து 7 அடிக்குள், பவர் மீடியம், ஆக்‌ஷன் ஃபாஸ்ட். பவர் என்பது தடி எவ்வளவு பலம் தாங்கும் என்பது. ஆக்‌ஷன் என்பது எங்கே வளையும் என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளையும், அடிப்பாகம் விறைப்பாக நிற்கும். மீன் தொட்டது கைக்கு உடனே தெரிய இது தேவை. சின்ன கார் என்றால் இரண்டு துண்டாகக் கழற்றும் தடியே வாங்குங்கள். ஒற்றைத் துண்டு உசத்தி என்று சொல்வார்கள், ஆரம்பத்தில் அந்த வித்தியாசம் உங்களுக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது.

ரீலில் 2500 என்ற அளவு எடுங்கள். அக்லி ஸ்டிக் ஜிஎக்ஸ்2 தடியும் ரீலும் சேர்ந்த செட் 50, 60 டாலருக்குக் கிடைக்கும். காரின் கதவில் மாட்டினால்கூட சுலபத்தில் உடையாத தடி. என் மகள் இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறாள். ரீலைத் தனியாக வாங்குவதாக இருந்தால் ஷிமானோ சியென்னா விலைக்கு நன்றாக உழைக்கும். 20 டாலருக்குக் கீழே தொங்கும் செட்டுகளில் கைவைக்காதீர்கள். ஒரு கோடைக்குள் கைப்பிடி ஆடத் தொடங்கிவிடும்.

நரம்பு

8 பவுண்டு தாங்கும் மோனோ நரம்பு, அதாவது ஒற்றை நைலான் இழை, பெர்க்லி டிரைலீன் எக்ஸ்எல் மாதிரி ஒன்று. செட்டோடு வரும் நரம்பு எத்தனை நாளாகக் கடையில் சுருண்டு கிடந்ததோ தெரியாது, அதை மாற்றிவிடுங்கள். பின்னல் நரம்பு, ஃப்ளூரோகார்பன் லீடர் எல்லாம் அடுத்த வருஷத்துக்கு.

நரம்பு ஏற்றுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நரம்புச் சுருளைத் தரையில் படுக்கவைத்து, லேபிள் மேலே பார்த்தபடி வையுங்கள். நரம்பை விரலுக்கிடையில் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு 15, 20 சுற்று சுற்றுங்கள். நிறுத்திக் கையைத் தளர்த்துங்கள். நரம்பு தானாக முறுக்கிக்கொண்டால் சுருளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுத் தொடருங்கள். ரீலில் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலின் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே வந்ததும் நிறுத்திவிட வேண்டும். வழிய வழிய நிரப்பினால் வீசும்போது கொத்தாகக் கழன்று விழும்.

ரீலின் தலையில் இருக்கும் திருகுதான் டிராக். கையால் நரம்பை உறுதியாக இழுத்தால் கொஞ்சம் முரண்டுபிடித்து அப்புறம் வெளியே வரவேண்டும். 8 பவுண்டு நரம்புக்கு 2 பவுண்டு இழுப்பில் டிராக் விட்டுக்கொடுத்தால் சரி. முறுக்கி வைத்துவிட்டால் நல்ல மீன் ஒன்று திரும்பும்போது நரம்பு பட்டென்று அறுந்துவிடும்.

பையில் போடவேண்டியவை

சென்கோ வகை மென்புழு, 5 அங்குலம், ஒரு பாக்கெட். உப்பு கலந்த மென்பிளாஸ்டிக்கில் செய்த, பேனா மாதிரி ஒரு குச்சி, அவ்வளவுதான். கண் இல்லை, வால் இல்லை. கடையில் அதைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றாது. ஆனால் தண்ணீரில் கனமாக இறங்கும்போது இரண்டு முனையும் துடிக்கும், அந்தத் துடிப்புக்குத்தான் மீன் ஏமாறுகிறது. தெளிந்த தண்ணீருக்கு கிரீன் பம்ப்கின் என்ற பாசிப்பச்சை, கலங்கலுக்குக் கறுப்பும் நீலமும் கலந்தது. மூன்றாவது நிறம் வாங்கத் தோன்றினால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அதோடு 1/0 அளவு வாக்கி முள் ஒரு பாக்கெட், 3/0 அளவு அகலவளைவு ஆஃப்செட் முள் ஒரு பாக்கெட், 1/8 அவுன்ஸ் தோட்டா வடிவ ஈயம், காளான் தலை ஜிக் (தலையில் ஈயம் வார்த்த முள்) நாலைந்து, ரப்பர் வளையங்கள். நீண்ட மூக்குக் குறடு கட்டாயம் வேண்டும். குறடு இல்லாமல் போன அன்று, முள் மீனின் வாயிலிருந்து என் கட்டைவிரலுக்கு இடம் மாறி, அவசர சிகிச்சைக்கு நான் கொடுத்த பணத்தில் பத்துக் குறடு வாங்கியிருக்கலாம்.

தடி செட், நரம்பு, இது எல்லாம் சேர்த்து 100 டாலரை ஒட்டி வரும். அதிலேயே ஒரு வருஷம் ஓட்டலாம்.

காசு குறைவாகப் போட்டால் மீன் சின்னதாகத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். டெக்சஸ் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு பாஸ், 1992 ஜனவரியில் லேக் ஃபோர்க்கில் பிடிபட்டது. பிடித்தவர் அன்றைக்கு பாஸ் பிடிக்கவே போகவில்லை. கிராப்பி என்ற சின்ன மீனுக்காக ஒரு பொடிமீனை முள்ளில் மாட்டி இறக்கியிருந்தார். உலகச் சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ். 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற 20 வயது விவசாயி பிடித்தது. அவரும் நண்பரும் ஒரே தூண்டிலை மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வார்கள். எடைபோட்ட பிறகு அந்த மீனை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதற்குச் சமமான மீனைப் பிடிக்கும் வரை 77 வருஷம் பெர்ரி தனியாகவே நின்றார்.

குளத்துக்குப் போகும் முன் இரண்டு நாள்

ஒரு நாள் முடிச்சுக்கு. பாலோமார் முடிச்சு ஒன்று போதும். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, அந்த மடிப்பால் ஒரு சாதா முடிச்சு தளர்வாகப் போட்டு, மடிப்பு வளையத்துக்குள் முள்ளை முழுக்க நுழைத்தெடுத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி இழுக்கவேண்டும். எச்சில் சும்மா சம்பிரதாயம் இல்லை. காய்ந்த நரம்பு உரசிச் சூடேறினால் முடிச்சு இருக்கும் இடத்திலேயே அறுந்துவிடும். டிவி பார்த்துக்கொண்டே இருபது தடவை போட்டால் அப்புறம் கை தானாகப் போடும்.

இன்னொரு நாள் வீசிப் பழக. முள் இல்லாத சின்ன எடை ஒன்றைக் கட்டி, புல்தரையில் ஒரு வாளியை வைத்துவிட்டு வீசுங்கள். ஆள்காட்டி விரலால் நரம்பைப் பிடித்து, ரீலின் முன்னால் நரம்பைத் தடுக்கும் வளைவான பெயில் கம்பியைத் திறந்து, தடி முன்னால் வரும்போது விரலை விடவேண்டும். இரை மேலே பறந்தால் விரலைச் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள், காலடியில் விழுந்தால் தாமதம். தூரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கரையில் நிற்கும்போது பாதி மீன் உங்கள் காலுக்குப் பத்தடியில்தான் இருக்கும். இரை விழுந்ததும் பெயில் கம்பியைக் கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடும் பழக்கம் வந்துவிட்டால் நரம்பு முறுக்கேறி, ஒரு மாதத்தில் சிக்கல் மேல் சிக்கலாக வரும்.

ஒரே வித்தையை ஒரு மாதம்

வாக்கி ரிக். ரிக் என்றால் இரையை முள்ளில் மாட்டும் விதம். சென்கோவின் நடுவில் ரப்பர் வளையத்தை மாட்டி, வளையத்துக்கு அடியில் முள்ளைக் குறுக்கே செருகவேண்டும். புழு முள்ளின் இரண்டு பக்கமும் மீசை மாதிரித் தொங்கும். வளையம் இல்லாமல் நேரே குத்தினாலும் மீன் கடிக்கும், ஆனால் இரண்டு மீனுக்கு ஒரு புழு கிழிந்துபோகும். வளையம் போட்டால் ஏழெட்டு மீன் வரை தாங்கும். வளையம் மாட்டத் தனிக் கருவி விற்கிறார்கள். காலியான தடித்த மார்க்கர் பேனாவின் இரண்டு முனையையும் வெட்டினால் அதே கருவி.

ஈயம் எதுவும் வேண்டாம். விழுந்த மரம், படகுத்துறையின் நிழல், நாணல் விளிம்பு, குளத்துக்குள் தண்ணீர் வந்து விழும் குழாய் வாய் என்று ஏதாவது ஓர் ஒதுங்கிடத்துக்குப் பக்கத்தில் வீசுங்கள். வெட்டவெளித் தண்ணீரின் நடுவில் வேண்டாம். விழுந்ததும் ஒன்றும் செய்யாதீர்கள். புதியவர்களுக்கு மிகவும் கஷ்டமான வேலை இதுதான். நரம்பைக் கொஞ்சம் தொய்வாக விட்டு, புழு தானாகத் துடித்துக்கொண்டு இறங்க விடவேண்டும். கண் நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்திலேயே இருக்கட்டும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள்.

பெரும்பாலான கடி அந்தப் பத்துக்குள்தான் வரும், அது கடி மாதிரியே இருக்காது. தக்கை முங்குவதைப் பார்த்துப் பழகிய நமக்கு முதலில் பிடிபடாது. நரம்பு சுண்டினாற்போல் ஒருமுறை துள்ளும். அல்லது மெதுவாக ஒரு பக்கம் நகரத் தொடங்கும், பாம்பு போவது போல. அல்லது தரை வரும் முன்பே இறங்குவது நின்றுவிடும். இந்த மூன்றில் எது நடந்தாலும் தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு, தடியைப் பக்கவாட்டில் ஒரே வீச்சாக இழுங்கள். தொலைக்காட்சிப் போட்டிகளில் வருவது போலத் தலைக்கு மேல் வெட்டி இழுக்கத் தேவையில்லை. முள் மெல்லியது, தானே ஏறிவிடும்.

பத்து எண்ணியும் ஒன்றும் இல்லையா? தடி நுனியை ஒரு சாண் தூக்கி மறுபடி விழவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு இழுத்துக்கொண்டு, நாலடி தள்ளி அடுத்த வீச்சு. ஒரே இடத்தில் அரை மணிக்கு மேல் நிற்காதீர்கள். கரையில் நின்று பாஸ் பிடிப்பவர் நடந்துகொண்டே இருக்கவேண்டும். நடக்கும்போது காலடியைப் பார்த்து நடங்கள். நெருப்பெறும்புப் புற்றும் தண்ணீர்ப் பாம்பும் இங்கே சகஜம், காட்டன்மவுத் பாம்புக்கு விஷம் உண்டு. செருப்போடு போகாதீர்கள்.

நேரமும் முக்கியம். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது மீன் முட்டையிடக் கரையோரம் வரும். தொடங்க அதுவே நல்ல காலம். ஜூலை, ஆகஸ்ட்டில் பொழுது விடியும்போது ஒரு மணி நேரம் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பத்து மணி வெயிலில் நிற்பது உங்களுக்கும் தண்டனை.

அடுத்த பாடங்கள்

வாக்கியில் பத்து மீன் பிடித்த பிறகு டெக்சஸ் ரிக். மென்பிளாஸ்டிக் புழுவை 1949-இல் உருவாக்கியவர் நிக் கிரீம். ஓஹாயோவில் வீட்டின் அடித்தளத்தில் தொடங்கியவர், பிறகு டெக்சஸின் டைலர் நகரத்துக்குக் கம்பெனியையே கொண்டுவந்துவிட்டார். முள்முனை வெளியே தெரியாமல் புழுவுக்குள் ஒளித்துவைக்கும் இந்த முறைக்கு மாநிலத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

தோட்டா ஈயத்தைக் கூர்முனை தடியைப் பார்க்கும்படி நரம்பில் கோர்த்து, ஆஃப்செட் முள்ளைக் கட்டுங்கள். முள்முனையைப் புழுவின் தலையில் அரை சென்டிமீட்டர் நேரே இறக்கி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் காது வரை இழுத்துத் திருப்புங்கள். இப்போது முள்ளைப் புழுவின் மேல் வைத்து அளந்து, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே புழுவைக் கொஞ்சம் சுருக்கிக் குத்தி, முனையை மறுபக்கத் தோலுக்கடியில் மறையுங்கள். புழு நேராக நிற்கவேண்டும். வளைந்திருந்தால் பிரித்து மறுபடி. வளைந்த புழு தண்ணீரில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

இதன் லாபம், பாசிக்குள்ளும் மரக்கிளைக்குள்ளும் தைரியமாகப் போடலாம், மாட்டாது. தரையில் மெதுவாக இழுத்து, நிறுத்தி, இழுத்து, நிறுத்தி வாருங்கள். கூழாங்கல்லில் ஈயம் தட்டுவது, பாசியில் வழுக்குவது, மரத்தில் ஏறி இறங்குவது எல்லாம் தடி வழியே கைக்கு வரும். கொஞ்ச நாளில் குளத்தின் அடி எப்படி இருக்கிறது என்று இறங்காமலே சொல்லிவிடலாம்.

மூன்றாவது, நெட் ரிக். இதற்குப் புதிதாக எதுவும் வாங்கவேண்டாம். கிழிந்துபோன சென்கோக்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தீர்கள் என்றால், நல்ல பாதியை இரண்டரை அங்குலத்துக்கு வெட்டி, காளான் தலை ஜிக்கில் ஏற்றினால் தீர்ந்தது. குளிர்காலத்தில் மீன் மந்தமாக இருக்கும்போது இந்தக் குட்டைத் துண்டுதான் பலமுறை என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. பழைய புழுக்களை எக்காரணம் கொண்டும் தண்ணீரில் வீசாதீர்கள், மீன் விழுங்கினால் செரிக்காது. வெட்டிய நரம்பையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

வீடியோ பார்த்துக் கற்பது நல்லதுதான். ஆனால் ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வித்தை பற்றி மட்டும் பாருங்கள். ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு புது இரையை விற்றுவிடுவார்கள். அதைவிடப் பயன், போன இடம், நேரம், தண்ணீர் நிறம், எங்கே கடித்தது என்று போனில் நாலு வரி எழுதி வைப்பது.

மீன் கைக்கு வந்ததும்

பாஸின் பல் உப்புக்காகிதம் மாதிரிதான், கடிக்குமென்று பயப்படவேண்டாம். கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்குங்கள். பெரிய மீன் என்றால் தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றுக்கு மறு கையைக் கொடுங்கள், கை ஈரமாக இருக்கட்டும். சுடும் மணலில் போட்டுப் புகைப்படம் எடுக்காதீர்கள்.

பொதுவான விதி, 14 அங்குலத்துக்குக் குறைந்த லார்ஜ்மவுத்தை வைத்துக்கொள்ளக்கூடாது, நாளைக்கு 5 பாஸ்தான். ஏரிக்கு ஏரி இது மாறும். லேக் ஃபோர்க்கில் 16-லிருந்து 24 அங்குலம் வரை உள்ளதை விட்டே ஆகவேண்டும். சமைக்கத்தான் ஆசை என்றால் கெளுத்தி பிடியுங்கள், குழம்புக்கு அதுதான் ருசி. பாஸைப் பெரும்பாலும் விட்டுவிடுவதுதான் இங்கே பழக்கம். இதை ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்லிப் புரியவைக்க எனக்கு மூன்று போன்கால் ஆனது. "பிடிச்ச மீனை விடறதுக்கா இவ்வளவு தூரம் போய் நிக்கறே?" என்று கேட்டார். நாலு பவுண்டு மீனின் படத்தை அனுப்பியதும், "அட, இதையுமா விட்டே?" என்றார்.

இரண்டாவது தடி

அடர்ந்த பாசியில் பெரிய மீன் ஒன்று நரம்பை அறுத்துக்கொண்டு போனால், அதுவும் இரண்டு தடவை போனால், அப்போது பெய்ட்காஸ்டர் யோசியுங்கள். பழையது வாங்கினால் பாதி விலைக்குக் கிடைக்கும். இரையைக் கட்டி, பக்கத்துத் திருகை முறுக்கி, கட்டைவிரலை எடுத்தால் இரை மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும் அளவுக்கு வைக்கவேண்டும். பிரேக் முழுசாக. இரை தண்ணீரைத் தொடும் நொடியில் ஸ்பூல் மேல் கட்டைவிரல். இந்த மூன்றையும் யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு அந்தக் குருவிக்கூடு வந்திருக்காது. அது இன்னும் கராஜில் ஒரு கவருக்குள் கிடக்கிறது. புதிதாகக் கேட்டு வருபவர்களுக்குத் தடியைக் காட்டும் முன் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.